பிறர் உடைமை

கார்காலம் தன் முழு மாட்சியோடு வந்து இறங்கியிருந்தது. நெடிய வழிபாடு முடிந்தும் எழ மனம் வராத அடியார்களைப் போல, முகில்கள் வானத்தின் விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அமர்ந்திருந்தன. நண்பகலுக்கும் மாலைக்கும் இடையே இருந்த எல்லை அழிந்து, எந்நேரமும் ஒரே சாம்பல் ஒளி தெருவில் தங்கிற்று. மரங்கள் தலை தாழ்த்தி நின்றன. கூரைகளிலிருந்து வழிந்த நீர் ஒரே சுருதியில் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்குத் தாம் செய்த பிழைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல் எல்லார்மேலும் ஒருபடியாகப் பொழிவது மழையின் அறம்.

அவ்வறத்தின் ஒரு சொட்டு, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் தன்னிசைவுக் கழகத்தின் மேற்கூரையிலிருந்து பிரிந்து, அலமாரியின் தலையில் விழுந்தது.

"ஒழுகுது," என்றார் மெய்ப்பர்.

யாரும் திரும்பவில்லை. கலங்கரை விளக்கத்தைத் தனியார் நடத்த இயலுமா என்னும் வாதம் இரண்டாவது மணிநேரத்தை எட்டியிருந்தது.

மெய்ப்பர் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துபவர். கழகத்தில் அவரைப் 'புரூஃப் சார்' என்பார்கள். தொடங்கியவரைத் தவிர்த்துக் கழகத்தில் ஒருகாலத்தில் பதினொருவர் இருந்தனர். எண்மர் கருத்து வேறுபாட்டால் விலகினர்; அந்த எண்மரும் எட்டுக் கழகங்கள் கண்டதாகக் கேள்வி. மிஞ்சியவர் மூவர்.

மூவருக்கும் பொதுவான நம்பிக்கைகள் சில உண்டு. ஒருவனை அவன் இசைவின்றி எதையும் செய்யவைக்கலாகாது. ஒருவரையொருவர் அறியாத கோடிப் பேர் விலை என்னும் மொழியால் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை மேடையில் அமர்ந்து ஒருவன் நடத்திவைக்க முடியாது. இவற்றில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அரசு என்ற ஒன்றைப் பற்றித்தான். காவலும் நீதிமன்றமும் எல்லைப் பாதுகாப்பும் மட்டும் கொண்ட சிறிய அரசு போதும் என்பவர் வக்கீல். அதுவும் எதற்கு, மருந்தைக் கடையில் வாங்குவது போலக் காவலையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பவர் மருந்துக்கடைக்காரர். முன்னதற்குக் 'கொஞ்சக் கட்சி' என்றும் பின்னதற்கு 'வேண்டாக் கட்சி' என்றும் பெயர். மருந்துக்கடைக்காரரின் தங்கையைத்தான் வக்கீல் மணந்திருந்தார். ஆகவே வாதம் வீட்டிலும் தொடரும்.

மெய்ப்பர் இரு கட்சியிலும் சேரவில்லை. இருவர் கட்டுரைகளிலும் அவர் கண்டது ஒற்றுப்பிழை மட்டுமே.

"ஒழுகுதுங்க," என்றார் மறுபடியும். "அலமாரி மேல."

அலமாரி என்ற சொல்லுக்கு இருவரும் திரும்பினர்.

அந்த அலமாரிக்குள் இருந்தது, கழகத்தைத் தொடங்கிய பேராசிரியரின் கையெழுத்துப் பிரதி. தம் கொள்கைக்கு மூலமான பெருநூலைப் பதினோர் ஆண்டுகள் அமர்ந்து அவர் தமிழில் பெயர்த்திருந்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு தாள்கள். எல்லாம் நீல மை. வேறு படி கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைக் கட்டிலில் அவர் மெய்ப்பரின் கையைப் பற்றி, "ஒரு பிழை இல்லாம இதை அச்சாக்கிடுங்க," என்றார். "ஆக்கிடறேன்," என்றார் மெய்ப்பர். அவர் வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

பேராசிரியர் மறைந்ததும் பிரதி யாரிடம் இருப்பது என்ற கேள்வி எழுந்தது. வக்கீலிடம் இருந்தால் அரசுக்குச் சாதகமாக ஏதேனும் நுழைந்துவிடும் என்று மருந்துக்கடைக்காரர் அஞ்சினார். அவரிடம் இருந்தால் காவல்துறை பற்றிய அத்தியாயம் காணாமற்போகும் என்று வக்கீல் அஞ்சினார். ஆகவே அலமாரிக்கு இரண்டு பூட்டு, சாவி ஆளுக்கொன்று. சனிக்கிழமை நான்கு மணிக்கு இரண்டும் திறக்கப்படும். மெய்ப்பர் ஐந்து தாள் எடுத்துத் திருத்துவார். ஐந்து மணிக்குத் தாள்கள் உள்ளே போய்விடும். இதற்கு நான்கு பக்க ஒப்பந்தம் உண்டு.

இப்போது அந்த நீல மைக்கு நேர் மேலே நீர்.

மெய்ப்பர் மூலையிலிருந்த சிவப்பு வாளியை எடுத்து அலமாரித் தலையில் வைத்தார்.

"அது என் வாளி," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தெரியும். அவசரத்துக்கு எடுத்தேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் புரூஃப் சார். கேக்காம எடுத்ததுதான் உறுத்துது."

"சரி, இப்பக் கேக்கிறேன்."

"இப்பக் கேட்டா, அப்ப எடுத்தது சரியாயிடுமா?"

"விடுங்க மச்சான். ஒரு வாளி," என்றார் வக்கீல்.

"ஒரு வாளியிலதான் மாப்பிள்ளை எல்லாம் ஆரம்பிக்கும். இன்னிக்கு வாளி, நாளைக்கு வருமான வரி."

வாளி நிறைந்தது. வக்கீல் இரக்கமுள்ளவர்; தாமே எழுந்து, நீரைச் சன்னல் வழியாகப் பூந்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார். அந்த நற்செயல் வினையாயிற்று.

"அந்தத் தண்ணியை யாரைக் கேட்டுக் கொட்டினீங்க?"

"அது மழைத்தண்ணி மச்சான்."

"வானத்துல இருக்கும்போது மழைத்தண்ணி. யாருக்கும் சொந்தமில்லை. என் வாளியில விழுந்தப்புறம் என் தண்ணி."

"வாளி உங்களுது. தூக்கி வச்ச உழைப்பு புரூஃப் சாருது. யார் உழைப்புக் கலந்துச்சோ அவங்களுக்குத்தான் பொருள். அப்ப தண்ணி அவருது."

"அப்ப அவர் தண்ணியைத்தானே கொட்டியிருக்கீங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

தமக்குத் தண்ணீரே வேண்டாம் என்று மெய்ப்பர் சொன்னதை யாரும் பதிவு செய்துகொள்ளவில்லை. தகராறு தீரும் வரை வாளி பொதுப் பயன்பாட்டில் இருப்பது முறையன்று என்று கூறி, மருந்துக்கடைக்காரர் அதை எடுத்துத் தம் நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டார்.

அலமாரியின் தலை நனையத் தொடங்கியது. மெய்ப்பர் தம் சாப்பாட்டு டப்பாவை அங்கே வைத்தார். சொட்டு இரண்டாயிற்று, டப்பா ஒன்றுதான்.

"ரெண்டாவது சொட்டுக்கு ஒரு பாத்திரம் வேணும்."

"முதல் பாத்திரத்தோட மதிப்பு வேற, ரெண்டாவதோட மதிப்பு வேற," என்றார் மருந்துக்கடைக்காரர், பாடம் சொல்லும் குரலில். "ஒவ்வொண்ணா கூடக்கூட மதிப்பு இறங்கும்."

"எனக்கு ஏறிக்கிட்டே போகுதுங்க," என்றார் மெய்ப்பர்.

அலமாரியையே நகர்த்தலாமென்றால், நகர்த்த வேண்டிய இடத்தில் மருந்துக்கடைக்காரரின் நாற்காலி இருந்தது. அதன்கீழ் வாளி இருந்தது. மெய்ப்பர் அந்த வழியைக் கைவிட்டார்.

"நாலு மணி ஆகப்போகுது. பூட்டைத் திறந்துடுங்க. பிரதி முழுசையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன். மழை நின்னதும் திருப்பிக் கொண்டுவந்துடறேன்."

வக்கீல் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். "இதுல 'ஐந்து தாள்'னுதான் இருக்கு. முழுப் பிரதிக்கு வழியில்லை. ஒண்ணு செய்யலாம். அவசரகாலத்துல என்ன செய்யலாம்னு ஒரு சின்ன விதி, ரெண்டே வரி, சேர்த்துக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் தம் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"உலகத்துல இருக்கிற எல்லா அரசும் அவசரகாலத்துக்குன்னு எழுதின ரெண்டு வரியிலதான் பொறந்துச்சு மாப்பிள்ளை. இன்னிக்கு என் சாவி வெளியே வராது."

"அஞ்சு தாளுக்காவது?" என்றார் மெய்ப்பர்.

"மிரட்டலுக்கு நடுவுல கொடுக்கிற இசைவு இசைவே இல்லை."

"யாருங்க மிரட்டுறது?"

மருந்துக்கடைக்காரர் மேற்கூரையைப் பார்த்தார். பின்பு ஒரு நுட்பம் அவருக்குத் தோன்றியது. "தண்ணி மிரட்டாது. மனுஷன்தான் செயல்படுறான். தண்ணி செயல்படாது. இது அத்துமீறல் இல்லை, வெறும் நிகழ்வு."

"கூரைக்கு ஒரு ஓனர் இருப்பான்ல? அவன் சும்மா இருக்கான். சும்மா இருக்கறதும் ஒரு செயல்தான்," என்றார் வக்கீல்.

"நூல்ல எந்தப் பக்கத்துல இருக்கு அது?"

"இருநூத்திப் பதினாலு."

"எடுத்துக் காட்டுங்க."

"அலமாரிக்குள்ள இருக்கு. திறங்க."

"நீங்க முதல்ல திறங்க."

இவ்வாறு முக்கால் மணிநேரம் சென்றது. ஐந்து மணிக்கு வக்கீல் சமாதானம் ஒன்றைக் கண்டறிந்தார். இரு தரப்பும் நம்பும் நடுநிலையாளர் ஒருவர் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. மெய்ப்பரே அவர். அவருக்கும் ஒரு பூட்டு. இதை ஒரு மிகச் சிறிய அரசு என்று வக்கீல் கருதினார். எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடத்தக்க கூலிக் காவலர் என்று கருதி மருந்துக்கடைக்காரரும் இசைந்தார். தெருமுனை இரும்புக்கடையில் வாங்கிய பூட்டு மாட்டப்பட்டது.

"என் அதிகாரம் என்ன?" என்று மெய்ப்பர் கேட்டார்.

"உங்க பூட்டை நீங்க எப்ப வேணும்னாலும் திறக்கலாம்," என்றார் வக்கீல்.

பிற்பகலில் இரண்டு பூட்டுடன் இருந்த அலமாரி மாலையில் மூன்று பூட்டுடன் நனைந்தது.

மெய்ப்பரின் மனைவி ஒரு மருத்துவமனையில் செவிலியர். சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார்.

"வார்டுல ஒருத்தருக்கு மூச்சுத் திணறினா, சிலிண்டர் யாருதுன்னு நாங்க கேக்கறதில்லைங்க."

"அது வேற."

"என்ன வேற?"

மெய்ப்பர் சிந்தித்தார். வேறுபாடு ஒன்று நிச்சயம் இருந்தது. பக்க எண்தான் நினைவுக்கு வரவில்லை.

புதன்கிழமை அச்சகத்துக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு குழாய்க்காரரை அழைத்துவந்தார். அவர் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"மொட்டைமாடித் தண்ணி இறங்குற குழாய் சார். மேல்வீட்டுச் சுவத்துக்குள்ள உடைஞ்சிருக்கு. சுவத்தை உடைச்சுத்தான் மாத்தணும். ஒரு நாள் வேலை."

"செஞ்சிடுங்க."

"சுவரு யாருது?"

மெய்ப்பர் தயங்கினார். அக்கட்டடத்தின் உரிமையாளர் யார் என்பது கழகத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தீராத வாதம். இடத்தை அமர்த்தித் தந்தவர் பேராசிரியர். "வாடகையை நான் பார்த்துக்கறேன்," என்பார். அவர் மறைந்தபின் வாடகை கேட்டு யாரும் வரவில்லை. உரிமையாளன் கைவிட்டுவிட்டான், ஆகவே இடம் யாருமற்றது, அமர்ந்திருக்கும் நமக்கே அது சேரும் என்பது மருந்துக்கடைக்காரரின் கோட்பாடு. எங்கோ ஓர் உரிமையாளன் இருக்கிறான், அவன் பேசாமலிருப்பதே ஓர் ஒப்பந்தம் என்பது வக்கீலின் கோட்பாடு. இது பற்றி இருவரும் எழுதிய நான்கு கட்டுரைகளையும் மெய்ப்பரே திருத்தியிருந்தார்.

"மேல ஒரு தையற்கார அம்மா குடியிருக்காங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க."

"நீங்களும் வாங்க சார்."

"மாடிப்படி அவங்க பக்கம். கூப்பிடாம ஏறக்கூடாது."

குழாய்க்காரர் அவரைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுத் தனியாக ஏறினார். தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. பிறகு மறுபடி கேட்டது. குழாய்க்காரர் இறங்கிவந்தார்.

"அந்தம்மாவும் வாடகைதானாம். ஓனருங்களுக்கு எழுதியிருக்காங்களாம். அவங்க ஒரு வார்த்தை சொன்னா வேலையை ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க."

"ஓனருங்க என்ன சொல்றாங்களாம்?"

"பதிலே இல்லையாம். பெரிய மனுஷங்களாம்." குழாய்க்காரர் பையைத் தோளில் மாட்டினார். "ஓனர் சொல்லாம சுவத்துல கை வைக்கமாட்டேன் சார். ஒருதடவை வச்சுட்டு ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேன்."

அன்று அலமாரியின் கதவிடுக்கில் ஈரம் மெல்லிய கோடாக இறங்கியிருப்பதை மெய்ப்பர் கண்டார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியில் மிக இலேசான நீலம்.

அது கதவில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தின் சாயமாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு மருத்துவமனைக் கட்டில் நினைவுக்கு வந்தது. அன்றிரவு அவர் சரியாக உண்ணவில்லை.

"மூணு பூட்டும் முன்பக்கம்தானே?" என்று மனைவி கேட்டார்.

"ஆமா."

"பின்பக்கம் என்ன இருக்கு?"

இருபத்தாறு ஆண்டுகள் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒத்துப் பார்த்தே பிழைத்தவர், அலமாரியின் பின்பக்கத்தை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் சென்றனர். மனைவி முதலில் மருந்துக்கடைக்காரரின் நாற்காலியை வாளியோடு தூக்கி அப்பால் வைத்தார். மெய்ப்பர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு மனைவி ஒரு பழைய போர்வையை நான்காக மடித்து, அலமாரியின் முன் காலிரண்டையும் நெம்பி அதற்கடியில் செருகினார். எழ முடியாத நோயாளியைக் கட்டில் மாற்றும் முறை அது. இழுத்ததும் அலமாரி ஓசையின்றி இரண்டு முழம் நகர்ந்தது. பின்பக்கம் மெல்லிய பலகை, ஆறு ஆணி.

"இது தப்பு," என்றார் மெய்ப்பர்.

"தப்புத்தான். ஸ்க்ரூடிரைவரைக் கொடுங்க."

பலகை பெயர்ந்தது. மேல் தட்டு முழுதும் ஈரம். பிரதி நடுத்தட்டில் இருந்தது. முதல் மூன்று தாள்களின் ஓரத்தில் மட்டும் மை கலங்கியிருந்தது; எழுத்துகள் தப்பியிருந்தன. மெய்ப்பர் அதைத் தம் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அடியில ஒரு உறை இருக்கே," என்றார் மனைவி.

பழுப்பு உறை, அரக்கு முத்திரை, பேராசிரியரின் எழுத்தில் 'உரியவர்களுக்கு' என்ற ஒரே சொல்.

"பிரிச்சுப் பாருங்க."

"நான் உரியவன்னு எப்படித் தெரியும்?"

"பிரிச்சாத் தெரியும்."

"தெரிஞ்சப்புறம்தான் பிரிக்கலாம்."

செய்த தவறு ஒன்று போதும் என்று மெய்ப்பர் கருதினார். சன்னலருகே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல் 'பிறர் உடைமை' என்று கழகத்தார் எழுதி ஒட்டியிருந்தனர். தமக்குரியதல்லாத எதையும் தொடலாகாது, எறியவும் ஆகாது என்பதால், அறையில் கிடைக்கும் அந்நியப் பொருளெல்லாம் அதற்குள் போகும். ஒற்றைக் காதணி, யாரோ மறந்துபோன குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, கதவுக்கடியில் அவ்வப்போது வந்து விழும் வெளியார் கடிதங்கள், பக்கத்து வீட்டுப் பந்து. எல்லாம் பிரிக்கப்படாமல், அழுக்குப்படாமல் இருந்தன. அந்த உறையையும் மெய்ப்பர் அதில் பணிவோடு வைத்தார்.

மனைவி ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருபது ஆண்டு மணவாழ்வில் அவர் எதுவும் சொல்லாத இடங்கள் சில உண்டு.

சனிக்கிழமை மெய்ப்பர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருவரும் அலமாரியைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தனர்.

"பின்பக்கத்துக்குப் பூட்டு இல்லைங்கறதால பின்பக்கத்துக்கு உரிமை இல்லைன்னு ஆயிடாது," என்றார் வக்கீல்.

"அதையேதான் மாப்பிள்ளை நானும் சொல்ல வந்தேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

பதினான்கு ஆண்டுகளில் அவ்விருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அதுவே முதல்முறை. வக்கீலின் கண்கள் பனித்தன.

"பிரதி நனைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மெய்ப்பர் மெதுவாகக் கேட்டார்.

"நனையலையே," என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு, துண்டில் சுற்றியிருந்த பொதியை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் அதைத் திருப்பித் தரவில்லை.

தண்டனை வேண்டாம், ஈடு வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குற்றத்தின் மூலம் ஒழுகல். ஒழுகலின் மூலம் உரிமையாளன். ஆகவே அவனுக்கு ஓர் அறிவிப்பு எழுதுவது மெய்ப்பரின் பொறுப்பு. இருவரும் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

'இக்கட்டடத்தின் உரிமையாளர் எனப்படுபவருக்கு: தங்கள் உடைமையிலிருந்து புறப்பட்ட நீர், எங்கள் இசைவின்றி எங்கள் உடைமைக்குள் நுழைந்துள்ளது. தன் பொருளைப் பேணாதவன் அதைத் துறந்தவனே ஆவான். ஏழு நாளுக்குள் பழுது நீக்கப்படாவிடில், தங்களை உரிமையாளராக ஏற்கும் எங்கள் இசைவைத் திரும்பப் பெறுவோம்.'

"'பொறுப்பில்லாத சோம்பேறி'ன்னு ஒரு வார்த்தை சேருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"'மனச்சாட்சி இல்லாதவன்'. அது இன்னும் பொருத்தம்," என்றார் வக்கீல்.

"ரெண்டும் இருக்கட்டும் மாப்பிள்ளை."

"இருக்கட்டும் மச்சான்."

இரண்டும் சேர்ந்தன. மூவரும் கையொப்பமிட்டனர். கழக வரலாற்றில் வாதமின்றி நிறைவேறிய முதல் ஆவணம் அது. மெய்ப்பர் ஒற்றுகளைச் சரிபார்த்தார்.

உரிமையாளர் இன்னாரென்று தெரியாததால், அவருக்குக் கடிதம் எழுதிப் பழகிய தையற்கார அம்மா வழியாகவே அனுப்புவதென்று முடிவாயிற்று. மூவரும் மாடிப்படியின் அடியில் நின்றனர்.

"மேல வரலாமாம்மா?" என்று வக்கீல் குரல் கொடுத்தார்.

தையல் இயந்திரம் நின்றது. "வாங்கய்யா, வாங்க. இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. கழுத்தில் அளவு நாடா. தங்களைக் கண்டு அவர் அத்துணை பரபரப்பது ஏனென்று மூவருக்கும் விளங்கவில்லை. மூன்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கல்விக்குச் செய்யும் மரியாதை என்று வக்கீல் எடுத்துக்கொண்டார்.

அறையின் நிலைமை கீழறையைவிட இரங்கத்தக்கதாயிருந்தது. ஈரச் சுவரோரமாக ஐந்து பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. தைத்த துணிகள் கட்டிலின்மேல் நெகிழித்தாளுக்கடியில் குவிந்திருந்தன. படுக்க இடம் தரையில் ஒரு பாய் அகலமே.

"கீழே சொட்டுச்சாய்யா? மன்னிச்சுக்கங்க. உங்க புத்தகம் எல்லாம் அங்கதானே இருக்குன்னு, மணிக்கொருதரம் பாத்திரத்தைக் கொட்டிக் கொட்டி வைக்கிறேன். சனிக்கிழமை மூணு மணிக்கு மட்டும் துணி கொடுக்கப் போயிடுவேன். அப்பத்தான் வழிஞ்சிருக்கும்."

மூவரும் அந்த ஐந்து பாத்திரங்களையும் பார்த்தனர். தாமே அமையும் ஒழுங்கு பற்றி மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்த நீண்ட கட்டுரை ஒன்று உண்டு. அது இப்போது அவர் நினைவுக்கு வந்திருக்கக்கூடும்.

"நீங்க கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் மெய்ப்பர்.

"நாலஞ்சு தடவை வந்தேன்யா. கதவுக்கு வெளியே நின்னேன். நீங்க பேசறதை நிறுத்தினதும் சொல்லலாம்னு பார்த்தேன்."

"அப்புறம்?"

"நிறுத்தலையே."

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிப்பை நீட்டினார். "இது ஓனருக்கு எழுதினது. கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கும். நீங்க பயப்படாதீங்க. பழுது நீங்கினா உங்க துணியும் தப்பும். இதை மட்டும் ஓனர் கையில சேர்த்துடுங்கம்மா."

அந்த அம்மாள் தாளை வாங்கி முழுதும் படித்தார். 'சோம்பேறி' என்ற இடத்தில் அவர் புருவம் உயர்ந்தது. 'மனச்சாட்சி இல்லாதவன்' என்ற இடத்தில் தலை நிமிர்ந்து மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கீழே இருந்த கையொப்பங்களைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்கய்யா. விளக்கேத்தற நேரம். ஏத்திட்டுக் கொடுத்துடறேன்."

சுவரில் ஈரம் படாத ஒரே மூலையில் ஒரு சிறு மாடம் இருந்தது. அறிவிப்பை அதன் அடியில் வைத்து, திரியை நிமிண்டி, விளக்கை ஏற்றினார். சுடர் ஒருமுறை நடுங்கி நிலைபெற்றது. அவர் கைகூப்பிக் கண்மூடி நின்றார். வெளியே மழை ஓதிக்கொண்டிருந்தது. மெய்ப்பரின் கைகள் தாமாகக் குவிந்தன. வக்கீலின் கைகளும் குவிந்தன. யாருடைய இசைவையும் கேட்காமல் மருந்துக்கடைக்காரரும் எழுந்து நின்றார்.

அந்த அம்மாள் கண் திறந்து, தாளை எடுத்து நான்காக மடித்து, மெய்ப்பரின் கையில் வைத்து, அந்தக் கையின்மேல் தம் கையையும் வைத்தார்.

"இந்தாங்கய்யா, சேர்த்துட்டேன். பெரியவர் கண்ணை மூடறதுக்கு முன்னாடி இந்த வீட்டை மேலும் கீழுமா உங்க மூணு பேர் பேருக்குத்தானே எழுதி வச்சார். பத்திரம் அலமாரி உறைக்குள்ள இருக்குன்னு நானும் மாசாமாசம் உங்க கதவுக்கடியில கடிதம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் போடாட்டிப் போகுது, எங்க ஓனருங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, இப்படியே ஒத்துமையா, நூறு வருஷம் நல்லா இருக்கணும்."